மாஸ்டில் கட்டிய கார்டு ரீடர்கள்

கார்டு ரீடர் தேர்வு நடந்தபோது கூட இருந்தவர்கள்: ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரி ஓட்டும் அப்பா, அதே ரிக்கில் போர் போடும் மாமன், அப்புறம் நான். இல்லாதவர், கார்டு ரீடரைப் பற்றி ஏதாவது தெரிந்த ஒரு ஆள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதால், எது வாங்கினாலும் அட்டைப்பெட்டியைப் படித்துச் சொல்லும் பொறுப்பு என்னுடையது. இன்ஜினியரிங் முடித்த பிறகும் அந்த ஒரு வேலைதான் நிரந்தரமாக இருந்தது. அப்போதுதான் ஒரு பயண இணைய இதழ் வாய்ப்புக் கொடுத்தது. ரிக் வடக்கே போகும்போது கூடவே போய், முப்பது நாளும் தினம் ஒரு படம் அனுப்ப வேண்டும். ஒரு நாள் தவறினாலும் இதழில் எனக்குத் தரும் பக்கம் வேறு ஆளுக்குப் போய்விடும். என்னுடையது பழைய கேமரா. கார்டில் இருக்கும் படத்தைப் போனுக்கு ஏற்ற ரீடர் இல்லாமல் ஆகாது. போன தடவை திருச்செங்கோட்டு பஸ் ஸ்டாண்டில் வாங்கிய ரீடர், மூன்றாம் நாளே கல்பொடி தின்று செத்துப்போயிருந்தது.

இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்று ஒரு வாரம் வீடியோ பார்த்தேன். எல்லா வீடியோவிலும் ஒருவர் ரீடரை மெத்தை மேல் போட்டுவிட்டு, உடையவில்லை பாருங்கள் என்றார். சேலத்துக் கடையில் இரண்டு எடுத்தேன். ஒன்று முழு அலுமினிய உடம்பு, 1,850 ரூபாய். இன்னொன்று வாயில் ரப்பர் மூடி போட்ட பிளாஸ்டிக், 420. இரண்டுக்கும் பணம் கட்டியாச்சு. வேண்டாததை இரண்டு நாளில் புதுசாகவே திருப்பித் தரலாம் என்றார் கடைக்காரர். எனக்கு அலுமினியத்தின் மேல்தான் கண்.

வடக்கே கிளம்பும் முன் எருமப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கடைசி போர். அங்கே போய்ப் பெட்டியை வாசித்தேன்.

"தூசி, அதிர்வு எல்லாம் தாங்குமாம்ப்பா."

"அத எழுதுனவன் நம்ம வண்டியில வந்திருக்கானா?"

மாமன் அலுமினியத்தை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். "கனமாத்தான் இருக்குது. ஆனாலும் மாப்ள, முந்நூறடி ஓட்டத்தத் தாங்குனாத்தான் எதுவுமே கெட்டி. மாஸ்ட்டுல கட்டிப் பாத்தரலாம்."

மறுத்திருக்கலாம். ஆனால் அதைவிட நல்ல பரிசோதனை எந்த வீடியோவிலும் இல்லை. கார்டைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டு இரண்டையும் நீட்டினேன்.

லாரி மேல் நிமிர்ந்து நிற்கும் இரும்புக் கோபுரம்தான் மாஸ்ட். போர் தொடங்கும் பூஜைக்கு அதில் எலுமிச்சம்பழம் கட்டிய கம்பியிலேயே, பழத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று கட்டினார் மாமன். சூடத்தை மூன்றுக்கும் பொதுவாகக் காட்டினார். தோட்டக்காரர் கைகூப்பி நின்றவர், "ஏனுங்க, அதென்ன புதுசா? தண்ணி பாக்கற கருவிங்களா?" என்றார்.

"இல்லீங்க, போட்டா பாக்கறது" என்றார் அப்பா. "உங்க தண்ணிக்கு எலுமிச்சம்பழந்தான்."

முந்நூறடி முடிவதற்குள் பழம், ரீடர்கள், நாங்கள் எல்லாரும் ஒரே வெள்ளை. சட்டைப்பையிலிருந்த கார்டைக் கேமராவில் போட்டு மாமனை ஒரு படம் எடுத்தேன். ரீடர்களை இறக்கி, துடைத்து, அலுமினியத்தில் அதே கார்டைப் போட்டேன். போன் கண்டுகொள்ளவே இல்லை. திறந்த வாய்க்குள் பொடி அப்பியிருந்தது. கார்டை உருவிவிட்டுக் குச்சியைத் தேடினேன்.

"குச்சி எதுக்கு? காத்தடிச்சா செரியாயிரும்" என்று மாமன் கம்ப்ரஸர் ஹோஸை எடுத்தார். ரிக்காரர்களுக்குச் சட்டை, செருப்பு, தலைமுடி, சோத்துப்பாத்திரம் எல்லாவற்றுக்கும் அதுதான் துடைப்பம். நான் "மாமா!" என்று கத்தியது காற்றுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ரீடர் அவர் கையை விட்டுப் பறந்து சோளக்காட்டில் விழுந்தது. தேடி எடுத்துப் பார்த்தால் உடம்பில் ஒரு கீறல் இல்லை. உள்ளே இருந்த பின்கள் மட்டும் சப்பையாக மடங்கிக் கிடந்தன.

"சுத்தமாயிருச்சு பாரு" என்றார் மாமன்.

"சுத்தமாத்தான் போச்சு" என்றார் அப்பா.

மாமன் கை அடுத்ததற்கு வரும் முன் நான் பறித்துக்கொண்டேன். ரப்பர் மூடியைப் பிரித்தால், உள்ளே கடையில் பார்த்த மாதிரியே இருந்தது. கார்டைப் போட்டதும் படங்கள் போனில் வரிசையாக வந்தன. உடம்பு கெட்டியா என்று ஒரு வாரமாகப் பார்த்தவன், வாய்க்கு மூடி இருக்கிறதா என்று பார்க்கவேயில்லை. வெள்ளைப் பொடிக்குள் பல் மட்டும் தெரிய மாமன் சிரிக்கும் படத்தை முதல் நாள் கணக்கில் அனுப்பினேன். "பிரமாதம், நாளைக்கும் வரட்டும்" என்று பதில் வந்தது.

மறுநாள் போகிற வழியில் சேலத்துக் கடை முன்னால் ரிக்கை நிறுத்தினோம். பின்னால் நின்ற பஸ்ஸெல்லாம் ஹாரன் அடிக்க, அப்பா அலுமினியத்தை மேஜையில் வைத்து, "இது வேண்டாமுங்க" என்றார்.

கடைக்காரர் அதைத் திருப்பினார். அரைக்கரண்டி கல்பொடி மேஜையில் கொட்டியது. "இத எங்கீங்க வெச்சிருந்தீங்க?"

"எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்துல" என்றார் மாமன், ஒளிவு மறைவில்லாமல்.

கடைக்காரர் அதை எங்கள் பக்கமே தள்ளினார். அப்பா என்னைப் பார்த்தார். "முப்பது நாளு ஒரே ஒண்ண நம்பிப் போகமுடியாது சாமி. பாறை ஒடைக்கற ஹேமரே நாங்க ரெண்டு வெச்சிருக்கறோம்." கடைக்காரரிடம் திரும்பி, "மூடி போட்டது இன்னொண்ணு குடுங்க" என்றார்.

"நாங்களே கட்டிப் பாத்துச் சொல்லிட்டமில்லீங்க, அதுக்கு ஏதாச்சும் கொறைங்க" என்றார் மாமன். ஹாரன் சத்தம் தாங்காமல் கடைக்காரர் இருபது ரூபாய் குறைத்தார்.

மூன்று ரீடர், ஆக மொத்தம் 2,670 ரூபாய்.