பழைய அளவு

எங்கள் தெரு டெய்லரக்கா வெளிநாட்டுக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு வந்தது சந்தோஷமல்ல, கோபம். என் மூன்று ரவிக்கைகள் அவளிடம் கிடந்தன. துணி கொடுத்து இரண்டு மாதமாகிறது. எப்போது போய் நின்றாலும், கை மட்டும்தான் பாக்கி டீச்சர் என்பாள். அந்தக் கையை வைக்காமலேயே விமானம் ஏறிவிட்டாள்.

என்னைவிட நான்கு வயது சின்னவள். ஆனாலும் தெருவுக்கே அக்கா, அதனால் கூடப் பிறந்த அக்கா ஒருத்தி இருக்கிற எனக்கும் அக்கா. வீட்டு முன்னறைதான் கடை. ஒரு மெஷின், ஒரு வெட்டு மேஜை, தைத்து முடித்தவற்றைத் தொங்கவிட ஒரு கம்பி. கழுத்தில் எப்போதும் அளவு நாடா கிடக்கும். கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று அவளிடம் கேட்க யாருக்கும் தைரியம் கிடையாது. அப்பா போன பிறகு மெஷினை மிதித்தே தங்கையைப் படிக்க வைத்தாள், கட்டிக்கொடுத்தாள். அந்தத் தங்கை வெளிநாட்டுக்குப் போய்ப் பத்தொன்பது வருஷம்.

அக்காவும் தங்கையும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை என்பது தெருவுக்கே தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய அம்மா நாலு மாதம் படுக்கையில் கிடந்து செத்துப்போனார். தங்கை வரவே இல்லை. இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் டெய்லரக்கா பொறுமையிழந்து, பெத்தவளைப் பார்க்க வராதவ இனி எப்பவுமே வர வேணாம் என்று சொல்லி போனை வைத்துவிட்டாள். அந்தச் சத்தம் என் வீடு வரைக்கும் கேட்டது. தங்கையும் அதன் பிறகு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. விசேஷ நாளில் ஒரு போன், நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், அவ்வளவுதான்.

இப்போது அவளே டிக்கெட் அனுப்பி, ஒரு தடவை வந்துட்டுப் போக்கா என்றதும் இவள் ஒரு முடிவோடுதான் கிளம்பினாள். ஏன் வரவில்லை என்ற காரணத்தை அவள் வாயால் கேட்டாக வேண்டும். நியாயமான காரணமாக இருந்தால் தங்கை. இல்லையென்றால் இனி யாரோ எவளோ. வெறுங்கையோடு போகவும் மனசு வரவில்லை. தங்கை கடைசியாக வந்தபோது விட்டுப்போன அளவு ரவிக்கை ஒன்று பெட்டியில் பத்திரமாக இருந்தது. அதை வைத்துப் பன்னிரண்டு ரவிக்கை தைத்தாள். என்னுடையது ஏன் தாமதமானது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்த மறுநாள் காலையில் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். வெளிநாடு எப்படி இருந்தது என்று நான் கேட்டேன். யாரும் அளவெடுத்துப் போடுவதில்லை டீச்சர் என்றாள். பதினான்கு மணி நேரப் பயணத்தில் அவள் மேகத்தைப் பார்க்கவில்லை. விமானப் பணிப்பெண்ணின் கோட்டில் தோள் தையல் அரை அங்குலம் இறங்கிக் கிடந்ததைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். இறங்கிய ஊரில் ஒரு கடைக்குள் போனால் ஆயிரம் சட்டை தொங்குகிறது, எல்லாவற்றிலும் எஸ், எம், எல். உலகத்து உடம்பையெல்லாம் மூன்று எழுத்தில் அடக்கிவிட்டார்கள் என்று அங்கலாய்த்தாள். தெருவில் போகிறவர்கள் எல்லோரும் யாரோ ஒருவருடைய துணியைப் போட்டுக்கொண்டு போவதுபோல் இருந்ததாம்.

விமான நிலையத்தில் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் காத்திருந்தார்கள். தங்கை தொளதொளவென்று ஒரு கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். தலையில் பாதி நரை. ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று இவள் இரண்டு கையையும் விரித்தால், அவள் வலது தோளை மட்டும் கொடுத்துப் பட்டும் படாமலும் அணைத்துவிட்டு விலகிக்கொண்டாள். அந்த இடத்திலேயே டெய்லரக்காவுக்கு மனசு விட்டுப்போயிற்று. காரில் அரை மணி நேரம். சாலை, பாலம், சாலை. யாரும் ஹாரன் அடிக்கவில்லை, யாரும் பேசவும் இல்லை.

வீடு மூன்றாவது மாடியில். ஜன்னலைத் திறந்தால் ஒரு சாணுக்கு மேல் திறக்காது. தரையெல்லாம் கம்பளம், நடந்தால் தன் காலடி தனக்கே கேட்காது. பெட்டியைத் திறந்த கையோடு பன்னிரண்டு ரவிக்கையையும் சோபாவில் பரப்பி வைத்திருக்கிறாள். தங்கை ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தாள். நல்லாயிருக்குக்கா என்றாள். பிறகு எல்லாவற்றையும் மடித்து அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டாள். போட்டுப் பாரேன் என்றதற்கு, அப்புறம் என்று பதில்.

தங்கைக்குப் பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேஜையில் வேலை. காலை ஏழு மணிக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வருவாள். வீட்டுக்காரருக்கு வெளியூரில் வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போய்விடுவார். நல்ல மனுஷர்தான். ஆனால் அவரிடம் இரண்டே கேள்விகள் இருந்தன: சாப்பிட்டீங்களா அக்கா, குளிருதா அக்கா. பையன் படிக்கிற இடத்திலேயே விடுதியில் இருந்தான். அவன் அறைதான் இவளுக்கு.

முதல் நாள் தங்கை வேலைக்குப் போன பிறகு எழுந்து பார்த்தால் வீடு முழுக்க மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. அடுப்பை அழுத்தித் திருப்பவும். பால் இரண்டாம் தட்டில். கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும், வெளியே போனால் சாவி எடுத்துக்கொள்ளவும். மொத்தம் இருபத்தோரு சீட்டு. ஒன்று விடாமல் படித்தாள். ஒன்றில்கூட "அக்கா" என்று எழுதியிருக்கவில்லை.

தினமும் நாற்பது பேரிடம் வாயடித்துப் பழகியவள் டீச்சர் நான் என்றாள். அங்கே பகல் முழுக்க ஒரு குரல் கிடையாது. இரண்டு மணிக்குத் தூக்கம் தள்ளும். தூங்கி எழுந்தால் எந்த வேளை என்று புரியாது. எதிர் வீட்டம்மாள் லிஃப்டில் பார்த்தால் தலையை ஆட்டுவாள், இவளும் ஆட்டுவாள். வீட்டில் மெஷினும் கிடையாது. நாலாம் நாள் பொறுக்க முடியாமல் நாடாவை எடுத்து வீட்டை அளக்கத் தொடங்கிவிட்டாள். சோபாவின் முதுகு முப்பத்தெட்டு. திரைச்சீலை நீளம் எண்பத்து நாலு. அளந்து அளந்து வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள், ஒரு மனிதக் குரல் கேட்கட்டுமே என்று. இதைச் சொல்லும்போது அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாலையில் தங்கை வந்தால் சமையல், சாப்பாடு, டி.வி. என்ன பேசினாலும் ஊர்க்கதையிலேயே நிற்கும். அம்மா பேச்சை இவள் எடுத்தால் அவள் எழுந்து தட்டைக் கழுவப் போய்விடுவாள். பத்தாம் நாள் மூன்றாவது தடவையாக, ஒரே ஒரு ரவிக்கையாவது போட்டுப் பாரேன்டி என்று கேட்டாள். நான் இப்பல்லாம் புடவை கட்டறதில்லைக்கா என்றாள் தங்கை.

இதைவிட முகத்தில் அடித்தாற்போல் யாரும் சொல்ல முடியாது என்று டெய்லரக்காவுக்குத் தோன்றியிருக்கிறது. வசதி வந்துவிட்டது, அக்காவின் தையல் கசந்துவிட்டது. காரணமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அந்தச் சனிக்கிழமை வீட்டுக்காரரிடம், அடுத்த வாரமே டிக்கெட் மாற்றிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டாள். அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, சரிக்கா, உன் இஷ்டம் என்றாள்.

வியாழக்கிழமை காலை. இருப்பது இன்னும் மூன்று நாள். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், துணி உலர்த்தும் மெஷினிலிருந்து துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். அதில் தங்கையின் உள்ளாடைகள் மூன்று வந்தன. மூன்றிலும் இடது பக்கம் உள்ளே ஒரு பை தைத்திருந்தது. பழைய தலையணை உறையை வெட்டிக் கையால் தைத்த பை. தையல் ஒன்று நீளம், ஒன்று குட்டை. முடிச்சு சதையில் உறுத்துகிற பக்கமாக இருந்தது. சின்ன வயதிலிருந்தே ஒரு கொக்கியை ஒழுங்காக வைக்கத் தெரியாத தங்கையின் கைவேலை அது. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்கு ஒரு பக்கம் மார்பை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே டெய்லரக்கா வீட்டுக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை, அளவெடுத்துக்கொண்டு போனாள். பஞ்சுப் பொதியை வைக்க உள்ளே பை வைத்து, அந்தப் பக்கத்துக்குத் தனியாக வெட்டித் தைத்துக் கொடுத்தாள். இன்றுவரை பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஆகவே அந்தப் பை எதற்கென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஊர்ப் பெண்களுக்கெல்லாம் தைத்துக் கொடுக்கிறவளின் தங்கை, தலையணை உறையை வெட்டித் தானே தைத்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் கம்பளத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன் டீச்சர் என்றாள். அழுதால்கூட அந்த வீட்டில் கேட்க ஆளில்லையாம்.

அழுது முடித்து எழுந்து ஊசியைத் தேடி எடுத்தாள். மூன்று பையையும் பிரித்தாள். தான் கொண்டுபோயிருந்த மெல்லிய பருத்திப் புடவையின் தலைப்பைக் கிழித்து, மெஷின் தையல்போலச் சின்னச் சின்னத் தையலாகப் போட்டுத் தைத்தாள். தங்கை வந்து கதவைத் திறந்தபோது மூன்றும் சாப்பாட்டு மேஜைமேல் இருந்தன. வெளியே இன்னும் வெயில் இருந்தது. தங்கை பார்த்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்போடி?"

"அம்மா படுத்த அதே மாசம்."

பிறகு மெதுவாகச் சொன்னாளாம். டிக்கெட் எடுத்து வைத்திருந்த வாரத்தில்தான் கட்டி தெரிந்தது. ஆபரேஷன், அப்புறம் மருந்து, முடியெல்லாம் கொட்டியது, விமானம் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நாளை வருகிறேன் என்று போனில் சொன்னதெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து. அக்காவிடம் சொன்னால் அவளால் அம்மாவை விட்டுவிட்டு வரவும் முடியாது, வராமல் இருக்கவும் முடியாது. அதனால் சொல்லவில்லை. அம்மா போன பிறகு எந்த முகத்தோடு சொல்வது என்று தள்ளிக்கொண்டே போய்விட்டது. மூன்று மாதத்துக்கு முன்னால்தான் டாக்டர், இனி வருஷா வருஷம் வரத் தேவையில்லை, பூரணமாகக் குணமாகிவிட்டது என்றாராம். இப்போது சொல்லிவிடலாம் என்று டிக்கெட் அனுப்பியிருக்கிறாள்.

"அப்புறம் ஏன்டி இத்தனை நாளா வாயைத் திறக்கலை?"

"வந்ததும் வராததுமா பெட்டியைத் திறந்து அந்த ரவிக்கைங்களை எடுத்து வெச்சே. எல்லாம் பழைய அளவு. உன் மனசுல நான் இன்னும் அப்படியே இருக்கேன்னு தோணுச்சு. அதை எப்படிக்கா கெடுக்கிறது?"

டெய்லரக்காவுக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைக் கேட்காமல் விட்டிருக்கலாம் டீச்சர் என்றாள் என்னிடம்.

"அன்னிக்கு போன்ல நான் உன்னை அப்படிச் சொன்னேனே."

"வர வேணாம்னு நீ சொன்னப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சுக்கா. இனிமே தினமும் பொய் சொல்ல வேண்டாம்னு."

கோபமாகச் சொல்லவில்லையாம். குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்பதுபோலச் சொன்னாளாம். அப்புறம் அவளே எழுந்து அந்தக் கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டு, அளவு எடுத்துக்கோ என்று நின்றாள். இடது கை பாதிக்கு மேல் தூக்க வரவில்லை. முப்பது வருஷமாக அளவு எடுக்கிறவளுக்கு அன்றைக்கு நாடாவில் எண் தெரியவில்லை. மூன்று தடவை எடுத்தாள்.

மாற்றிய டிக்கெட்டை மறுபடியும் பழைய தேதிக்கே மாற்றினார்கள். மூன்று மாதமும் இருந்துவிட்டுத்தான் வந்தாள். தங்கையின் வீட்டுக்காரர் ஒரு தையல் மெஷின் வாங்கி வந்து போட்டார். பன்னிரண்டையும் பிரித்து மறுபடி தைத்தாள். கடைசி ஞாயிற்றுக்கிழமை தங்கை புடவை கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாளாம். இரண்டு பேரும் அந்த ஊர் பூராவும் நடந்தார்களாம். நல்லபடியாக எல்லாம் முடிந்துவிட்டது, பிறகு ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

அவள் தம்ளரைத் தள்ளி வைத்தாள். கொடுத்த காப்பி ஆறிப்போயிருந்தது.

"டீச்சர், உங்களுக்கு ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சீங்களே, அப்போ முதல்ல யாரைத் தேடினீங்க?"

வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ஒன்று சொல்லியிருக்கலாம். வாயில் உண்மைதான் வந்தது.

"எங்க அக்காவை" என்றேன்.