குனிந்து பார்க்கிற கேமரா

நேற்று மழையில் நனைந்த தோல்பை அடுப்பருகே காய்ந்தபோது எழுந்த வாசம், அக்காவின் பெட்டிக் கேமராவை நினைவூட்டியது. அதற்கும் கறுப்புத் தோல்தான் போர்த்தியிருந்தது.

அப்போது நான் சிறுமி. தையல் கூலியைச் சேர்த்து வைத்துப் பழைய கேமரா வாங்க, அக்கா என்னையும் சிந்தாதிரிப்பேட்டைக்கு அழைத்துப் போனாள். பெண்கள் தெருவில் தலை நிமிரக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். மயிலாப்பூரிலிருந்து டிராமில் போகும்போதும் எங்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைக்காரர் கண்ணருகே பிடிக்கிற மடக்குக் கேமராவை நீட்டினார். அக்கா விலை மலிந்த பெட்டியை எடுத்தாள். அதை வயிற்றோடு அணைத்து, மேலே உள்ள சின்னக் கண்ணாடியைக் குனிந்து பார்க்க வேண்டும்.

"இன்னாம்மா, சோக்கா ஒண்ணு கீது, அத்த வுட்டுட்டு இந்த டப்பாவா?"

"குனிஞ்சு பாக்கிறதுதான் எங்களுக்குப் பழக்கம்" என்றாள் அக்கா. அவர் சிரித்துக்கொண்டே பிலிம் சுருளைப் போட்டுத் தந்தார்.

வீட்டு வாசலிலேயே அப்பா பார்த்துவிட்டார். "பொட்டைக் கழுதைக்குக் கேமராவா? கொண்டுபோய்த் திருப்பிக் குடு. என்னடி முறைக்கிறே, தலையைக் குனி."

அக்கா குனிந்தாள். கண்ணாடியில் அவரை நடுவில் நிறுத்தி விசையைத் தட்டினாள்.

அப்பாவின் படம் என்று எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான். வாயைத் திறந்து, விரலை நீட்டியபடி நிற்கிறார். கழற்றிவிடச் சொல்லும் உறவுக்காரர்களிடம் எனக்கு எதிர்த்துப் பேச வராது. படம் கூடத்தில்தான் மாட்டியிருக்கிறது.