காஞ்சனா திருப்பி எண்ணிய விண்மீன்கள்

வானத்தை அண்ணாந்து பார்க்கும் வழக்கமே இல்லாத ஒருத்தியின் கண்ணை, வானத்தைப் பற்றிய முடிவுக்கு எந்த அளவு நம்பலாம்? மச்சினி காஞ்சனாவை நினைக்கும்போதெல்லாம் நாகராஜனுக்கு இந்தக் கேள்வி வரும்.

1982இல் அவர் திருத்தணியில் பள்ளி ஆசிரியர். விடுமுறைகளில் முனைவர் பட்ட ஆய்வு. நம் பால்வீதிக்கு அருகிலுள்ள குட்டி விண்மீன் மண்டலமான மெகல்லன் மேகத்தின் படப் பிரதி ஒன்றைச் சென்னையிலிருந்த வழிகாட்டி கொடுத்திருந்தார். மேகத்தின் நடுவிலிருந்து ஓரம் வரை நீளும் படம். ஒவ்வொரு விண்மீனின் ஒளியும் பட்டகத்தால் விரிந்து அதில் சின்னக் கோடாக விழுந்திருந்தது. வயதாகி ஊதிப்பெருத்த விண்மீன்களில் எவை கரி மிகுந்தவை, எவை ஆக்சிஜன் மிகுந்தவை என்று கோட்டைப் பார்த்துப் பிரித்து எண்ண வேண்டும். கரி வகை அதிகமுள்ள இடத்து விண்மீன்களில் உலோகம் குறைவு என்று பொருள்.

முதலில் அவரேதான் எண்ணினார். ஒரு வாரத்தில் கண் எரிந்தது. மனைவி வரலட்சுமியின் பிரசவத்துக்கு உதவ வந்திருந்தாள் காஞ்சனா. பொதட்டூர்பேட்டையில் வீட்டுத் தறியில் இறங்கும் லுங்கிகளில் பழுது பார்த்துப் பழகியவள். பூதக்கண்ணாடியை வாங்கிக் குனிந்தாள்.

"இன்னா பாவா, கொசு செத்து ஒட்டிக்கினு இருக்கிற மாதிரி இருக்குது உங்க நட்சத்திரம்?"

"எண்ணு, அப்புறம் கிண்டல் பண்ணு."

ஐந்து வாரத்தில் எண்ணி முடித்தாள். ஓரத்துக்குப் போகப்போகக் கரி விண்மீன்கள் கூடின. அப்படியானால் ஓரத்துக்குப் போகப்போக உலோகம் குறைகிறது. நாகராஜன் எதிர்பார்த்ததும் அதுவே. அந்த ஒரு முடிவின்மேல்தான் ஆய்வேடே நின்றது. தட்டச்சுக்குக் கொடுத்துவிட்டார்.

ஐந்து வாரம் கழித்து ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தவர், படம் விளக்குப் பெட்டியின்மேல் தலைகீழாகக் கிடப்பதைக் கண்டார்.

"என்னம்மா இது?"

"லுங்கியக் கூட ஒருவாட்டி பாத்துட்டு உட மாட்டோம் பாவா. கடைசி முனையிலேர்ந்து இன்னொருவாட்டி வருவோம்." இரண்டாவது பட்டியலை நீட்டினாள். "இந்தவாட்டி நடுவுலதான் கரி ஜாஸ்தி."

"அது எப்படி?"

"எந்தப் பக்கம் கடைசியா எண்றேனோ, அந்தப் பக்கம் ஜாஸ்தியாவுது. பழுது துணியில இல்ல. என் கண்ணுல."

களைத்த கண் மங்கலான கோடுகளையெல்லாம் கரி என்று எழுதியிருந்தது. அவள் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்பதுதான் நாகராஜனுக்கு முதலில் தோன்றியது. அதற்காக அவர் பின்னாளில் வெட்கப்பட்டார்.

உள்ளேயிருந்து வரலட்சுமி குரல் கொடுத்தாள். "நாலு வருசப் படிப்பக் கவுத்துட்டியாடி?"

"ஆங்க்கா, கவுத்துப் போட்டுத்தான் எண்ணுனேன்."

அதன்பின் காலையில் மட்டும் எண்ணினாள், ஒரு நாள் இந்த முனை, மறுநாள் அந்த முனை. கைக்குழந்தை அழுதால் எழுந்துபோய்விட்டு, எண்ணிய இடத்துக்கே மீண்டும் வருவாள். நான்கு மாதமாயிற்று. அந்தப் படத்தின் எல்லைக்குள் விகிதம் எங்கும் ஒன்றுபோலவே இருந்தது. நாகராஜனின் பெரிய முடிவு போயிற்று. சின்ன உண்மை ஒன்று மிஞ்சியது. வழிகாட்டி பட்டியல்களை நெடுநேரம் புரட்டி, "இதை நம்பலாம்" என்றார். பட்டமும் கிடைத்தது. பொய்யான பெரிய முடிவிலிருந்து தன்னைக் காப்பாற்றியவள் என்று நாகராஜன் அவளைப் பற்றிக் கடைசிவரை நன்றியோடு சொல்லி வந்தார். வேறு யாரையும் அவர் அப்படிச் சொன்னதில்லை.

ஆய்வேட்டின் பின்னிணைப்பில் பழைய பட்டியலையும் புதியதையும் சேர்த்தார். புதியதன் கீழே, 'எண்ணியவர்: காஞ்சனா' என்று எழுதி அவளிடம் காட்டினார். அவள் பேனாவை வாங்கி அதை அடித்தாள். பக்கத்தைத் திருப்பி, தவறிய முதல் பட்டியலின் கீழே தன் பெயரை ஊரோடு சேர்த்து எழுதினாள்.

"ஏம்மா?"

"பழுதுக்குத்தான் ஆள் பேரு எழுதுவோம் பாவா. டைப்புக்குக் குடுங்க. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

ஆய்வேட்டில் இன்றும் அப்படித்தான் இருக்கிறது.