டிரம் அடிக்கும்போது பெருக்கலாம்

படம் முடிந்தால் எழுந்து வீட்டுக்குப் போவதுதான் மனித இயல்பு என்று பெரியவள் நம்பியிருந்தாள். தியேட்டரில் பெருக்குகிற வேலைக்கு வந்து இத்தனை வருஷத்தில் அந்த நம்பிக்கைக்கு ஒரு பங்கமும் வந்ததில்லை. கதாநாயகன் கதாநாயகியைக் கட்டிப்பிடித்த மறு நொடி பாதிக் கூட்டம் படிக்கட்டில் இருக்கும். திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கும்போது இவள் துடைப்பத்தோடு உள்ளே நுழைவாள். அந்தப் பெயர்களோடு ஓடுகிற இசையைக் காசு கொடுத்துக் கேட்பதற்கென்றே ஆட்கள் இருப்பார்கள் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

பிறகு அந்த விண்வெளிப் படம் வந்தது. சூரியனைத் தாண்டிக் காணாமல்போன ஒரு கப்பலைத் தேடி இன்னொரு கப்பல் போகிறது என்று டிக்கெட் கிழிப்பவர் கதை சொன்னார். கிடைத்ததா இல்லையா என்று பெரியவள் கேட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு அதைவிடப் பெரிய தேடல்கள் இருந்தன. உதாரணமாக, ஐந்தேகால் பஸ்.

வீட்டில் இரண்டே பெண்கள். மூத்தவளைப் பெரியவள், இளையவளைச் சின்னவள் என்று கூப்பிட்டே எல்லோருக்கும் பழகிவிட்டது. தலை நரைத்த பிறகும் அது மாறவில்லை. பெரியவள் சலவைக் கடையில் இஸ்திரிப் பெட்டியோடு கொஞ்ச காலம், விடுதிச் சமையலறையில் கரிப் பாத்திரங்களோடு கொஞ்ச காலம் மல்லுக்கட்டிவிட்டு இந்தத் தியேட்டருக்கு வந்து சேர்ந்தவள். சின்னவள் சீருடை தைக்கும் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைக்கிறவள். கல்யாணமாகிப் போனவள் சில வருஷத்திலேயே ஒரு சூட்கேஸோடு திரும்பி வந்து வாசலில் நின்றாள். ஏன் என்று பெரியவள் கேட்கவில்லை. அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தாள். அன்றிலிருந்து மாடியில் இரண்டு அறை வீட்டில், ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று சண்டை போட்டபடி இருவரும் காலம் தள்ளிவிட்டார்கள்.

அந்த வருஷம் சின்னவளுக்கு வயிற்றில் கட்டி. அறுத்து எடுத்தாக வேண்டும். ஆனால் உடம்பில் தெம்பே இல்லை, கொஞ்சமாவது எடை ஏறினால்தான் கத்தி வைக்க முடியும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். சின்னவளோ ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை மோந்துகூடப் பார்க்கமாட்டாள். நர்ஸ் ஊட்ட வந்தால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். பெரியவள் ஃபிளாஸ்க்கில் கொண்டுபோகிற சூப், பெரியவள் கையால், பெரியவளிடம் திட்டு வாங்கிக்கொண்டே குடித்தால்தான் உள்ளே இறங்கும். பார்வையாளர் நேரம் மாலையில் மட்டும்தான். ஆறு அடித்தால் வாட்ச்மேன் கேட்டை இழுத்து மூடிவிடுவான். யார் வந்து கெஞ்சினாலும் மறுநாள்தான்.

கூடப் பெருக்கிக்கொண்டிருந்தவள் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டாள். ஆளைப் போடுகிறேன், ஆளைப் போடுகிறேன் என்று மேனேஜர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆக, மதியக் காட்சி முடிந்ததும் அந்த ஹால் முழுவதையும் பெரியவள் ஒருத்தியே பெருக்கி, குளிர்பான டம்ளர்களைப் பொறுக்கி, குப்பைப் பையைக் கட்டிப் பின்வாசலில் வைத்துவிட்டு, காலில் வெந்நீர் கொட்டியதுபோல பஸ்ஸுக்கு ஓட வேண்டும். எப்படியோ ஓடிக்கொண்டும் இருந்தாள்.

அதில்தான் மண் விழுந்தது. விண்வெளிப் படத்துக்கு என்று ஒரு கூட்டம் வர ஆரம்பித்தது. ஒரே ஆட்களே திரும்பத் திரும்ப வந்தார்கள். வாரநாளில் நாலைந்து பேர், விடுமுறையில் ஒரு வரிசை நிறைய. படம் முடியும், ஊர் எழுந்து போகும், இவர்கள் மட்டும் இருட்டில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். கடைசிப் பெயர் மேலேறி, கடைசிச் சத்தம் அடங்கி, அதற்கப்புறமும் ஒரு மூச்சு விட்டுத்தான் எழுவார்கள். சில நாள் பெரியவள் அவர்களைச் சுற்றியே பெருக்கிச் சமாளித்தாள். பிறகொரு நாள் துடைப்பத்தோடு உள்ளே போனபோது, முன்வரிசையிலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் திரும்பி, உதட்டில் விரல் வைத்து, "உஷ்!" என்றார். வாழ்க்கையில் எத்தனையோ பேர் அவளை அதட்டியிருக்கிறார்கள். ஆனால் குப்பையைப் பெருக்கியதற்காக ஒருவர் 'உஷ்' சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் மேனேஜரிடம் போய் நின்றாள். அவர்கள் அவளுக்கு முன்னாலேயே போய் நின்றிருந்தார்கள்.

"பாட்டு முடியுற வரைக்கும் லைட்டும் போடக்கூடாது, பெருக்கவும் கூடாதாம். பதினொரு நிமிஷம்தானே? பொறுத்துக்கோயேன்" என்றார் மேனேஜர்.

"எனக்கு பஸ் போயிடும் சார்."

"ஒவ்வொருத்தரும் ஏழெட்டு தடவை டிக்கெட் வாங்குறாங்க. நீ வாங்குறியா?"

அன்று பதினொரு நிமிஷம் கதவுக்கு வெளியே நின்று, வயிறெரிந்து, பிறகு பெருக்கிவிட்டு ஓடினாள். ஐந்தேகால் பஸ்ஸின் முதுகைத்தான் பார்த்தாள். அடுத்த பஸ் பிடித்து இறங்கி ஓடியபோது வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தான். ஃபிளாஸ்க்கைக் காட்டினாள். காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். அவன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அன்று ராத்திரி அந்தச் சூப்பை அவளே குடித்தாள். அழுகையும் வந்தது, பசியும் இருந்தது. இரண்டையும் ஒரே சமயத்தில் கவனித்துக்கொண்டாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், சின்னவள் நேற்று எதையும் தொடவில்லை, இருந்த எடையிலும் குறைந்துவிட்டது என்றார்கள்.

அன்றைய மதியக் காட்சி முடிந்தது. பெயர்கள் ஓட ஆரம்பித்தன. பெரியவள் கதவுக்கு வெளியே நிற்கவில்லை. நேராக உள்ளே போய்ப் பெருக்க ஆரம்பித்தாள். இசை தேய்ந்து, ஒரு புல்லாங்குழல் மட்டும் ஒலித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் துடைப்பம் நாற்காலிக் காலில் மோதியது. "உஷ்!" என்று கேட்டது. அவ்வளவுதான், துடைப்பத்தை வீசி எறிந்தாள்.

"என்னய்யா உஷ்ஷு? உங்களுக்குப் பாட்டு, எனக்குப் பொழப்பு. நேத்து நீங்க உக்காந்து கேட்டீங்க, அங்க கேட்டை மூடிட்டான். என் தங்கச்சி பட்டினி கிடந்தா. அவளுக்கு எடை ஏறலன்னா ஆபரேஷன் இல்ல, தெரியுமா? அந்தப் பாட்டு என் தங்கச்சியை விடப் பெருசா?"

புல்லாங்குழல் அதன் பாட்டுக்கு ஒலித்துக்கொண்டே இருந்தது. வழக்கமாக அந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்கிற குட்டை முடி அம்மாள் ஒருத்தி, துடைக்கவும் மறந்து உட்கார்ந்திருந்தாள். கடைசியில் கண்ணாடிக்காரர் எழுந்து வந்து துடைப்பத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"அக்கா, எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா…" என்று இழுத்தவர், கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒண்ணு பண்ணலாம். படம் முடிஞ்சதும் நாங்க எல்லாரும் கடைசி வரிசைக்குப் போயிடுறோம். மத்த இடத்தை நீங்க பெருக்குங்க. டிரம் அடிக்கும்போது என்ன சத்தம் வேணா போடுங்க, எங்க காதுல விழாது. இந்தப் புல்லாங்குழல் வரும்போது மட்டும் அப்படியே நின்னுடுங்க. ஒரு ரெண்டு நிமிஷம்."

"எனக்கு எங்க தெரியும், எப்ப வரும்னு?"

"நான் கை காட்டுறேன்."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. பெயர்கள் ஓடும், கூட்டம் பின்னால் நகரும், டிரம் இடிக்கும். பெரியவள் இருக்கைகளைப் படபடவென்று மடக்குவாள். எக்காளங்கள் சேர்ந்து முழங்கும்போது டம்ளர்களைப் பைக்குள் கொட்டுவாள். பின்வரிசையில் கண்ணாடிக்காரரின் கை மேலே போகும். அவள் நின்ற இடத்தில் நிற்பாள். கை இறங்கும்; பையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போவாள். எங்கேயோ ஒருவர் எண்பது வாத்தியக்காரர்களுக்குக் கை காட்டி இந்த இசையை வாசிக்க வைத்தாராம். எண்பத்தொன்றாவது ஆளுக்கு இவர் கை காட்டினார். சில நாளில் கையும் தேவைப்படவில்லை. எல்லோரும் எழும்போது ஹால் பெருக்கித் தயாராக இருக்கும். "அக்கா, பஸ்!" என்று கண்ணாடிக்காரர் குரல் கொடுப்பார். அவள் ஓடுவாள்.

அவள் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கிற வரை அவள் சும்மா நிற்பது அந்தப் புல்லாங்குழலுக்கு மட்டும்தான். பஸ்ஸில் நிற்கும்போதுகூட மனசு ஓடிக்கொண்டிருக்கும். இங்கே அவளால் எதுவும் செய்ய முடியாது; செய்யவும் கூடாது. துடைப்பக் கட்டையில் தாடையை வைத்துக்கொண்டு நிற்பாள். முழங்கால் வலி அப்போதுதான் நினைவுக்கு வரும். அந்த வலிகூட, பாவம், வெகு நேரம் வாசலில் காத்திருந்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்ததுபோல இருக்கும். இசை நன்றாக இருக்கிறதா என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அது இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம் என்று மட்டும் தோன்றும்.

"அப்படி என்னதான் இருக்கு அதுல?" என்று ஒரு நாள் கண்ணாடிக்காரரைக் கேட்டேவிட்டாள்.

அவர் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்பதில்லை போலிருக்கிறது. வீட்டில் உள்ளவர்கள் அலுத்துப்போயிருப்பார்கள். "ஆரம்பத்துல கப்பல் கிளம்பும்போது ஒரு மெட்டு வரும் அக்கா. நாலு சுரம். ஆனா நாலாவது வராது. மூணுலயே நின்னுடும். படம் முழுக்க அது வந்துக்கிட்டே இருக்கும், ஒரு தடவைகூட முடியாது. இங்கதான், கடைசியில, எல்லாரும் எழுந்து போனப்புறம்தான் அந்த நாலாவது சுரம் வரும். அதுக்குத்தான் உக்காந்திருக்கோம்."

"அதை முன்னாடியே முடிச்சிருந்தா எல்லாருக்கும் நேரம் மிச்சமாயிருக்குமே தம்பி?"

குட்டை முடி அம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணாடிக்காரருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அன்று வார்டில் சூப்பை ஊட்டிக்கொண்டே பெரியவள் இதைச் சொன்னாள். சின்னவள் தலையணையில் சாய்ந்தபடி கேட்டாள். அவள் கை மணிக்கட்டில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"நாலாவது எப்படி இருக்கும்? பாடிக் காட்டு."

"எனக்கென்னடி தெரியும்? அந்த நேரத்துல நான் பையை இழுத்துக்கிட்டு பின்வாசல்ல இருப்பேன்."

"தினமும் அங்கேயே இருக்கே, கடைசி மட்டும் கேட்டதில்லையா? உன்னை மாதிரி ஒருத்தியை நான் பார்த்ததே இல்லக்கா."

"வாயைத் திற. பேசினது போதும்."

சின்னவள் வாயைத் திறந்தாள். அப்படி ஒவ்வொரு நாளும், கேட் மூடுவதற்குள், ஒரு ஃபிளாஸ்க் சூப் உள்ளே இறங்கியது. எடை முள் மெல்ல மனமிரங்கியது. டாக்டர் சரி என்றார். கட்டியை எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை என்று சொன்ன அன்றைக்குப் பெரியவளுக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. வார்டு வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சின்னவள் முதலில் ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். இரண்டாவதாக, அந்தப் படத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். அந்தப் படத்துக்கு அன்றுதான் கடைசி நாள்.

"நடக்கவே முடியல, படம் கேக்குதா உனக்கு?"

"படம் யாருக்கு வேணும்? கடைசிப் பாட்டுதான் வேணும்."

படம் முடியப்போகிற நேரத்தில் டிக்கெட் கிழிப்பவர் சின்னவளின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். கடைசி வரிசையில் ஓர இருக்கையில் அவளை உட்கார வைத்தார்கள். அன்று அந்தக் கூட்டம் ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தது. பெயர்கள் ஓடின. எல்லோரும் பின்னால் வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யார் என்று யாரும் கேட்கவில்லை. அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே மூக்கு, பார்த்தாலே தெரிந்துவிடும். டிரம் இடித்தது. பெரியவள் மடக்கினாள், பொறுக்கினாள், கொட்டினாள். இன்று பஸ் இல்லை, கேட் இல்லை என்று அவளுக்குத் தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை, அது அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

புல்லாங்குழல் வந்தது. பெரியவள் சின்னவளின் இருக்கைக்குப் பக்கத்தில் அப்படியே நின்றாள்.

"உக்காரு" என்றாள் சின்னவள், கிசுகிசுப்பாக.

"பை கட்டணும்டி."

"உஷ்! இனிமே எவன் கேட்டை மூடப்போறான்? உக்காரு."

சின்னவள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடியில் பலமே இல்லை; உதறியிருந்தால் உதறியிருக்கலாம். பெரியவள் உட்கார்ந்தாள். அத்தனை வருஷத்தில் அந்தத் தியேட்டர் இருக்கையில் அவள் உட்கார்ந்தது அன்றுதான். பரவாயில்லை, மெத்தென்றுதான் இருந்தது. துடைப்பத்தை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டாள்.

அதற்கு மேல் நடந்தது எதையும் பெரியவள் பார்க்கவில்லை. சின்னவள்தான் பிறகு சொன்னாள். பலமுறை சொன்னாள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டிச் சொன்னாள். மறுபடி டிரம் இடித்ததாம், எக்காளம் முழங்கியதாம், எண்பது பேரும் சேர்ந்து கூரையைப் பெயர்த்தார்களாம். பெரியவள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாளாம். நாலாவது சுரம் வந்தது. இசை அடங்கியது. கடைசிப் பெயரும் போய்த் திரை வெளுத்தது. யாரும் எழவில்லை. குப்பைப் பை நடைபாதையில் திறந்தபடி கிடந்தது. அடுத்த காட்சிக்குக் கூட்டம் வெளியே நின்று கூச்சல் போட்டது. மேனேஜர் கதவைத் தள்ளிக்கொண்டு, "இன்னுமா பெருக்கல?" என்று கத்தியபடி உள்ளே வந்தார்.

கண்ணாடிக்காரர் திரும்பி, உதட்டில் விரல் வைத்து, "உஷ்!" என்றார்.