நிரையில் ஏழாவது ஆள்

“உங்க தோட்டத்துப் பொம்பளைங்க டிரைலரைப் பாத்துட்டு என்னங்க சொல்லப் போறாங்க? நல்லாருக்குதுன்னு சொல்லுவாங்க. அதை வெச்சு எத்தனை பக்கம் எழுதுவீங்க?”

கோயம்புத்தூரில் காட்சித் தொடர்பியல் படித்தபோது, இறுதியாண்டு ஆய்வுக்கு எனக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியை கேட்டது இது. கேலியாகக் கேட்கவில்லை. மாணவிகளையும் ‘வாங்க, போங்க’ என்று பேசுகிறவர் அவர். என் உழைப்பு வீணாகிவிடக் கூடாதே என்ற அக்கறையில்தான் கேட்டார். அதனாலேயே அது அதிகம் உறைத்தது.

ஒரு டிரைலரில் வரும் ஒவ்வொரு ஷாட்டும் பார்க்கிறவர்களை என்ன செய்கிறது என்பதுதான் என் ஆய்வு. பார்வையாளர்கள் யார் என்ற இடத்தில் மற்ற எல்லோரும் ‘கல்லூரி மாணவர்கள்’ என்று எழுதியிருந்தார்கள். நான் ‘தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள்’ என்று எழுதியிருந்தேன். பேராசிரியை இரண்டு வாரம் கொடுத்தார். அதற்குள் ‘நல்லாருக்குது’ என்பதைத் தாண்டி ஏதாவது கொண்டுவந்தால் தொடரலாம். இல்லையென்றால் அந்த வரியை அடித்துவிட்டு, விடுதி மாணவிகளை வைத்துச் செய்ய வேண்டும்.

“கொண்டு வர்றேன் மேடம்” என்று நிமிர்ந்து நின்று சொன்னேன். நிமிர்ந்து நிற்பது என் பழக்கம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தன் பெயரைத் தானே எழுதிய முதல் ஆளும் நான். அம்மாவின் பெயர் எழுத்தில் எப்படி இருக்கும் என்று அவளுக்கே எழுதிக் காட்டியதும் நான்தான்.

ஆனால் குன்னூருக்கு மலையேறும் பேருந்தில் உட்கார்ந்தபோது முதுகு தளர்ந்தது. பேராசிரியை சொன்னதை நானும் பாதி நம்பினேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எந்தப் படத்தைப் பற்றிக் கேட்டாலும் “நல்லாத்தான் இருந்துச்சு” என்பதற்கு மேல் அம்மாவிடமிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. அந்த வரியை என் கையாலேயே அடிப்பதாக நினைத்துப் பார்த்தேன். அம்மாவின் பெயரை எழுதிவிட்டு அடிப்பது போல இருந்தது.

டிரைலர் மேல் எனக்குப் பித்துப் பிடித்தது ஒன்பது வயதில். குன்னூர் தியேட்டர் ஒன்றில் படம் தொடங்கும் முன், வரப்போகும் வேறொரு படத்தின் டிரைலர் ஓடியது. அதில் ஒரு சாத்திய கதவு. கேமரா அதை நோக்கி மெதுவாக நகர்ந்தது. அவ்வளவுதான். என்னைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. நான் திரையை விட்டுவிட்டுப் பின்னால் திரும்பினேன். மங்கிய வெளிச்சத்தில் வரிசை வரிசையாக முகங்கள். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், எல்லோரிடமும் ஒரே பார்வை. எங்கோ யாரோ ஒரு கேமராவை ஓரடி நகர்த்தியதில் இங்கே இத்தனை பேரின் மூச்சு நகர்கிறது! “முன்னாடி பாரு புள்ள” என்று அம்மா என் தலையைத் திருப்பிவிட்டாள். நான் மறுபடியும் பின்னால் திரும்பிக்கொண்டேன்.

ஆய்வுக்காக நான் எடுத்துக்கொண்ட டிரைலர், என் வகுப்பில் நாங்கள் சேர்ந்து எடுத்த குறும்படத்துடையது. மூடுபனியில் காணாமல் போகும் ஒரு தோட்டத் தொழிலாளியின் கதை. மேனேஜரிடம் அனுமதி வாங்கி எங்கள் தோட்டத்திலேயே படமாக்கினோம். நாயகி கோயம்புத்தூர்ப் பெண். அவளோடு நின்று கொழுந்து பறிப்பவர்களாக எங்கள் லைன் வீட்டுக் குடியிருப்புப் பெண்கள் ஒன்பது பேர் நடித்தார்கள், அம்மாவும் அதில் ஒருத்தி. டிரைலரை வெட்டிச் சேர்ப்பது என் பொறுப்பு.

ஒரு நிமிடத்துக்கு வெட்டியிருந்தேன். டிரோன் கேமரா மேகத்தைக் கிழித்துக்கொண்டு இறங்க, பச்சை மடிப்புகளாகத் தேயிலை மலை விரியும். பிறகு நாயகியின் விரல்கள், மிக அருகில். பிறகு அவள் கண், இன்னும் அருகில், ஒரு துளி நீர். பறையின் அடிக்கு ஏற்ப வேகவேகமாகப் பத்துப் பன்னிரண்டு ஷாட். வகுப்பில் போட்டபோது டிரோன் ஷாட்டுக்கு “அடடா” என்றார்கள், கண்ணீர்த் துளிக்கு அமைதியானார்கள். எனக்கு அதில் கர்வம்தான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில் திரை கட்டினேன். எங்கள் தோட்டத்தில் பெரும்பாலும் இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்கள். பெரியவர்கள் அந்தக் கட்டடத்தை இன்றும் பிள்ளைக் காம்பரா என்றே சொல்வார்கள். தொட்டில் துணிகளைச் சுருட்டி ஓரத்தில் வைத்துவிட்டு, கல்லூரியில் இரவல் வாங்கிய புரொஜெக்டரை ஸ்டூல் மேல் நிறுத்தினேன். திரையின் பக்கவாட்டில், அதற்கு முதுகைக் காட்டி, பெண்களின் முகம் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் முகங்களை என் போன் பதிவு செய்யும் என்று முன்பே சொல்லி ஒப்புதல் வாங்கியிருந்தேன். அது தப்பாகப் போயிற்று. நடித்த ஒன்பது பேரும் சேர்த்துப் பதினான்கு பேர், பவுடர் பூசி, பூ வைத்து, கல்யாணத்துக்கு வருவது போல வந்து சேர்ந்தார்கள்.

“நாங்க படத்தப் பாக்கணுமா, இல்ல படம் எங்களப் பாக்கப் போவுதா?” என்றார் பெரியக்கா. கொழுந்து பறிக்கும் வரிசைக்கு நிரை என்று பெயர்; அதன் மேல்முனையில் நின்று பறிப்பவர் அவர். வயதில் பெரியவர்களும் அவரைப் பெரியக்கா என்றுதான் அழைப்பார்கள்.

டிரோன் ஷாட் வந்தது. “அடடா”வுக்காகக் காத்திருந்தேன். முதல் குரல், மேல்காட்டுத் தேயிலையில் இருபது நாளாக யாரும் கை வைக்கவில்லை போலிருக்கிறதே என்றது. அது மேல்காடா, ஓடைக்கு அந்தப் பக்கமா என்று ஒரு சிறு வழக்கு நடந்தது. அது தீர்வதற்குள் நாயகியின் விரல்கள் வந்துவிட்டன. உருக வேண்டிய இடம். அறையே குலுங்கிச் சிரித்தது.

“கீரை கிள்ளுறா பாரு.”

“முத்தின எலையா பாத்துப் புடுங்குறா. இதக் கொண்டுபோய் ஃபேக்டரில கொட்டினா அவளையும் சேத்துத் திருப்பி அனுப்பிருவாங்க.”

கண்ணீர்த் துளிக்கு யாரும் அழவில்லை. மூக்குத்தி கல்லா கண்ணாடியா என்று பேசிக்கொண்டார்கள். டிரைலர் முடிந்ததும் என் முகத்தைப் பார்த்து, எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள், “நல்லாருக்குது புள்ள.”

அந்த வார்த்தையேதான். காது சூடாகியது. தலையைக் குனிந்துகொண்டு, போனில் பதிவை நிறுத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது சிரிப்பு ஓய்ந்தது. படிப்படியாக ஓயவில்லை, விளக்கை அணைத்தது போல ஒரே நொடியில். நிமிர்ந்து பார்த்தேன். பெரியக்காவின் உடம்பு முன்னால் சாய்ந்திருந்தது. பக்கத்து வீட்டுச் சித்தி சேலைத் தலைப்பை வாயில் அழுத்திப் பிடித்திருந்தாள். பலருடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன, சத்தமில்லாமல். என் முதுகுக்குப் பின்னால் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். டிரைலர் முடிந்ததும் லேப்டாப் தானாகவே அடுத்த கோப்பைத் தொடங்கியிருக்கிறது. வேண்டாம் என்று ஒதுக்கிய ஷாட்களில் ஒன்று. ஸ்டாண்டில் நின்ற கேமரா அசையாமல் எடுத்தது. சரிவில் ஒன்பது பெண்கள் ஒரே நிரையாகப் பறிக்கிறார்கள். மூடுபனி வந்து மூடுகிறது. கொஞ்ச நேரம் வெறும் வெள்ளை. பனி விலகுகிறது. பறித்துக்கொண்டே இருக்கிறார்கள். இசை இல்லை, எதுவும் நடக்கவில்லை. பாதியில் ஒருத்தி உட்கார்ந்துவிட்டதால் இது வீண் என்று கேமராக்காரத் தோழன் எழுதி வைத்திருந்தான்.

“ஒரு ஆளு கொறையுது” என்றார் பெரியக்கா.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூடுபனி இறங்கினால், மேல்முனையில் நிற்பவர் “ஓய்” என்று குரல் கொடுப்பார். அடுத்தவள் “ஓய்” என்பாள், அதற்கு அடுத்தவள், அப்படியே கடைசி ஆள் வரை குரல் இறங்கும். பனிக்குள் காட்டெருமை நிற்பது பத்தடி தூரத்துக்கு நெருங்கினால்தான் தெரியும். யாருடைய குரல் வரவில்லையோ அவளை நோக்கி எல்லோரும் ஓடுவார்கள். கை கொழுந்து பறிக்கும்போதே கண் தலைகளை எண்ணிக்கொண்டிருக்கும். நான் சிறுமியாக இருந்த காலத்திலிருந்தே தெரிந்த வழக்கம் இது. ஆனால் அது படம் பார்க்கும் கண்ணிலும் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பெரியக்கா திரையைப் பார்த்தபடியே, தன்னை அறியாமல், “ஓய்” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. இரண்டாவது ஆள் “ஓய்” என்றாள். மூன்றாவது அம்மா. தோட்டத்தில் நின்ற அதே வரிசையில் குரல் போயிற்று. ஆறாவது குரலோடு நின்றது. திரையில் ஆறாவது பெண்ணுக்கும் எட்டாவது பெண்ணுக்கும் நடுவே செடிகள் மட்டும் இருந்தன.

அம்மாதான் முதலில் திரும்பினாள். பக்கத்து வீட்டுச் சித்தியைப் பார்த்து, “ஏன்டி, ஏழாவது ஆளு நீதான?” என்றாள்.

சித்தி வாயிலிருந்து தலைப்பை எடுத்தாள். “ஆமாக்கா. பூட்ஸுக்குள்ள கல்லுன்னு குனிஞ்சேன்.” பிறகு நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, “எனக்கே பக்குனு ஆயிருச்சு” என்றாள்.

அவளைப் பிடித்து உலுக்கியும் அடித்தும் எல்லோரும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு வேறு. கண்ணில் தண்ணீரோடு வந்தது. நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். பத்திரமாகப் பாயில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தி, திரையில் தன்னைக் காணாமல் தனக்காகவே பயந்துபோகிறாள். ஒரு ஷாட்டால் இது முடியும் என்று எந்த வகுப்பிலும் நான் கேள்விப்பட்டதில்லை.

அடுத்த நாட்கள் முழுவதும் அந்த முகங்களின் பதிவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். டிரோன் ஷாட் மலையைப் பறவையின் கண்ணால் காட்டியது. அந்தப் பெண்கள் யாரும் பறவையாக இருந்ததில்லை, அதனால் அவர்களுக்கு அது பறிக்காமல் விட்ட காடு. கேமரா விரலுக்கு அருகில் போகப் போக, பொய் பெரிதாகத் தெரிந்தது. வீண் என்று ஒதுக்கிய ஷாட்டோ, பக்கத்து நிரையில் நிற்கும் ஒருத்தியின் கண் உயரத்தில் இருந்தது. எதைப் பார், எதற்கு அழு என்று அது சொல்லவில்லை. எண்ணுவதற்கு நேரம் கொடுத்தது. அவ்வளவு அழகாக வேலை செய்த ஷாட்டை நாங்கள் குப்பையில் போட்டிருந்தோம்.

டிரைலரை முதலிலிருந்து வெட்டினேன். டிரோன் போயிற்று, கண்ணீர் போயிற்று, பறையும் போயிற்று. நிரையில் குரல் இறங்குவதை அந்தப் பெண்களை வைத்தே பதிவு செய்தேன். ஒரு சிக்கல் இருந்தது. வழக்கம் தெரியாதவர்கள் ஏன் எண்ணப் போகிறார்கள்? அதனால் முதல் பத்து நொடியில் கேமராவை நிரையோடு நடக்க விட்டேன். ஒரு குரல், ஒரு முகம். அடுத்த குரல், அடுத்த முகம். ஒன்பது வரை. பிறகு அந்த அசையாத ஷாட், வெட்டாமல். பனி, வெள்ளை. மறுபடி குரல்கள். ஆறு. பிறகு கறுப்புத் திரை.

இரண்டு வாரம் முடிந்த திங்கட்கிழமை அதைப் பேராசிரியைக்குப் போட்டேன். வழக்கம்போல் முதுகைத் திரைக்குக் காட்டி, அவர் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தேன். குறிப்பெடுக்கத் திறந்த பேனா கையிலேயே நின்றது. திரை கறுத்த பிறகும் அவர் பார்வை அங்கேயே இருந்தது.

“அந்த ஏழாவது ஆளு எங்கங்க?” என்றார், தாழ்ந்த குரலில்.

குரல் கொடுக்கும் வழக்கத்தைச் சொல்லி, பதினான்கு பேரின் முகங்கள் உள்ள பதிவைக் காட்டினேன். அதை இரண்டு முறை பார்த்தார். பிறகு கேட்டார், “அவங்களுக்கு இது தெரிஞ்ச பழக்கம், பயந்தாங்க. நான் எதுக்குங்க பயந்தேன்?”

“முதல் பத்து செகண்டுல உங்களையும் நிரையில நிக்க வெச்சுட்டேன் மேடம்.”

அவர் சிரித்தார். அந்த வரி அப்படியே இருக்கட்டும் என்றார். கூடவே, ஒரே தோட்டத்துப் பதினான்கு பேர் போதாதே, தேயிலையே பறிக்காத பெண்களிடமும் பார்க்க வேண்டாமா, எப்போது போகப் போகிறீர்கள் என்று கேட்டார்.

“நேத்தே போயிட்டு வந்துட்டேன் மேடம்” என்றேன்.

முந்தின நாள் காலையில் ஊட்டி போய், அங்கிருந்து எமரால்டு கிராமத்துக்குப் பேருந்து பிடித்திருந்தேன். ஒரு தோழியின் அத்தை கேரட் கழுவும் இடத்தில் வேலை செய்கிறார். மூட்டைகள் லாரி ஏறும் வரை காத்திருந்தேன். கை கால் கழுவிக்கொண்டு ஏழெட்டுப் பெண்கள் வந்து, தங்களுக்குள் படுகர் மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தபடி உட்கார்ந்தார்கள். ஒரு பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். ஓடவிட்டுவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி, ஈரத் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்தேன். பின்னால் முதல் “ஓய்” கேட்டது. எதிரில், சிரிப்பை நிறுத்தாமலே, ஒருத்தியின் உதடுகள் எண்ணத் தொடங்கின.