என் குரலை அழிக்க மண்ணரைக்குப் போன ஞாயிறு

முப்பத்தோராண்டுகளாக மேடையில் பேசி வருகிறேன். என்னைக் கேட்காமல் என் குரலை எவரும் எடுத்தாண்டதில்லை, சென்ற மாசி மாதம் வரை. அப்போதுதான் என் துண்டறிக்கைகளை அச்சிடும் நண்பர் ஒரு காணொளியை அனுப்பி, "அய்யா, இது நீங்கதானே?" என்று கேட்டிருந்தார். திரையில் ஒரு படைவீரன் சுடப்பட்டுக் குப்புற விழுகிறான். உடனே என் குரல் முழங்குகிறது: "வீழ்ந்தாய்! வேரோடு வீழ்ந்தாய்!" பிறமொழிச் சொற்களைக் கலந்து எழுதுவோரைச் சாடி எப்போதோ நான் ஆற்றிய உரையின் துண்டு அது. கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "இவரு திட்டறதக் கேக்கவே தோக்கலாம் போல."

திருப்பூர் மண்ணரையில் உள்ள ஒரு கணினி விளையாட்டுக்கூடத்தில் எடுத்தது என்று காணொளியிலேயே குறிப்பு இருந்தது. வழக்கறிஞர் ஒருவரிடம் மடல் எழுதி வாங்கினேன். என் குரல் பதிந்த ஒலித்துண்டுகள் அனைத்தையும் என் கண் முன்னால் அழிக்க வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. அஞ்சலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் அதைப் படிக்கும்போது அவர்கள் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க விரும்பினேன். மாசி மூன்றாம் ஞாயிறன்று புறப்பட்டேன். விளையாட்டுக்கூடங்களைத் தேடிப் போகும் இளையோருக்கு இந்தக் குறிப்பு உதவலாம். அவற்றைத் தொட்டும் பாராமல் மேடையில் பழிக்கும் என் போன்றோருக்கு இன்னும் கூடுதலாக உதவலாம்.

திண்டுக்கல்லில் காலை 6.10 மணிப் பேருந்து. ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாகத் திருப்பூர் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். கட்டணம் 110 ரூபாய். தாராபுரம் தாண்டியதும் காற்றாலைகள் வரிசை கட்டும். அன்று ஒன்றுகூடச் சுழலவில்லை. 9.05க்கு அவிநாசிபாளையத்தில் தேநீருக்காக நிறுத்தினார்கள். தேநீர் பதினைந்து ரூபாய், சருக்கரை மிகுதி.

"எங்கீங்க எறங்கோணும்?" என்றார் பக்கத்தில் நின்று குடித்துக்கொண்டிருந்த நடத்துநர்.

"மண்ணரை போக வேண்டும்."

"வேலைக்குங்களா?"

"விளையாட."

அவர் கோப்பையை இறக்கினார். "ஏனுங்க?"

"கணினியில் விளையாடும் கூடம் ஒன்று அங்கே இருக்கிறதாம்."

"நல்லதுங்க," என்றார். "எங்க மாமனாரும் இப்படித்தானுங்க. ரிட்டயர் ஆன அன்னைக்குக் கேரம் போர்டுல உக்காந்தவரு, இன்னும் எந்திரிக்கலீங்க."

தென்மாவட்டப் பேருந்துகள் நகருக்கு வெளியே கோவில்வழியிலேயே நின்றுவிடும், அங்கே 9.50க்கு இறங்கினேன். மண்ணரைக்கு மூன்று சக்கரத் தானி 220 ரூபாய், இருபத்தைந்து மணித்துளி. தையற்கூடங்களின் இரும்புக் கதவுகள் ஞாயிறு என்பதால் பாதி இறங்கிக் கிடந்தன. வரிசை வீடுகளின் மாடிகளில் ஒரு கிழமைத் துணி முழுவதும் ஒரே நாளில் காய்ந்துகொண்டிருந்தது.

நான் தேடிய கூடம் ஒரு பின்னலாடைத் தையற்கூடத்தின் மாடியில் இருந்தது. எட்டுக் கணினிகள், ஓர் ஓட்டுநர் இருக்கை, ஒரு மின்விசிறி. வாசலில் நின்று, "இக்கூடத்தின் உரிமையாளர் யார்?" என்றேன்.

எட்டு நாற்காலிகளும் ஒரே நேரத்தில் திரும்பின. மேடையில்கூட எனக்கு அப்படி ஓர் அமைதி வாய்த்ததில்லை. என் முகத்தை அங்கே எவருக்கும் தெரியாது; குரலை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. "ஐயோ, நேர்லயே வந்துட்டாருடா!" என்று எவரோ காதொலிப்பானைக் கீழே போட்டார்.

உரிமையாளர் பூங்கொடி, அகவை முப்பத்தைந்து இருக்கும். குண்டடம் பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம்; கீழே இருக்கும் தையற்கூடம் அவர் அண்ணனுடையது. மடலை நின்றபடியே முழுவதும் படித்தார். முகம் நான் எதிர்பார்த்தபடி போகவில்லை.

"தப்புத்தானுங்கய்யா. அழிச்சுப்போடறோமுங்க," என்றார். "ஆனா எதெதுல இருக்குதுன்னு நீங்களே பாத்துப்போடுங்க. பாக்காம அழிச்சா, பாதிய ஒளிச்சு வெச்சுட்டாங்கன்னு நாளைக்கு நெனைப்பீங்க. ஞாயித்துக்கெழமைக் கூட்டமே உங்க குரலுக்குத்தானுங்க வருது. இருந்தாலும் உங்க பொருள் உங்களுதுதானுங்க."

வாதாடுவார் என்று வந்த எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் உட்கார்ந்தேன். கணினிக்கு ஒரு மணி நேரம் நாற்பது ரூபாய், ஓட்டுநர் இருக்கைக்கு எண்பது.

முதலில் வண்டிப் பந்தயம். சக்கரத்தை இரு கையாலும் இறுகப் பிடித்தேன். இரண்டாம் வளைவில் எதிர்த்திசையில் திரும்பிச் சுவரில் மோதினேன். "கண்ணிருந்தும் குருடர்களா நீங்கள்?" என்று என் குரல் என்னைக் கேட்டது. அடுத்த வளைவிலும் கேட்டது. ஓர் ஊரையே பார்த்து நான் கேட்ட கேள்வி அது. ஒருவன் மட்டும் தனியாக உட்கார்ந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை.

அடுத்து, ஒருவர் எழுந்து விட்டுத்தந்த கணினியில் கால்பந்து. என் வீரர்கள் பந்து போன திசைக்கு எதிர்த்திசையில் ஓடினார்கள். எதிரணி ஒவ்வொரு முறை பந்தை வலைக்குள் அடிக்கும்போதும் "வெட்கம்! வெட்கம்! வெட்கம்!" மேடையில் அந்த மூன்று சொற்களுக்கும் இடையே கைதட்டல் இருந்தது. இங்கே அதைத் துல்லியமாக நறுக்கியிருந்தார்கள். கைதட்டலை எடுத்துவிட்டால் அந்த வரி எவ்வளவு குறுகியது!

மூன்றாவதுதான் காணொளியில் கண்டது. ஒரு தீவில் குதித்து, படைக்கருவி தேடி, கடைசி ஆளாக மிஞ்ச வேண்டும். நான் எவரையும் சுடவில்லை. வீடு வீடாக நுழைந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் கட்டில், மேசை, அடுப்பு. ஆள் மட்டும் இல்லை. சுடுவதைவிட அந்த வெற்று வீடுகளே எனக்கு அச்சம் தந்தன. நான்காம் மணித்துளியில் எவனோ முதுகில் சுட்டான். "வீழ்ந்தாய்! வேரோடு வீழ்ந்தாய்!" பக்கத்து இருக்கையில் பீகாரிலிருந்து தையற்கூட வேலைக்கு வந்த இராகேசு (அவர் பெயரை இப்படித்தான் என்னால் எழுத இயலும்) அதைக் கூடவே சொல்லிச் சிரித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாணவர்களுக்கு ஆண்டுக்கணக்காகச் சொல்லிக் கொடுத்தும் நாவில் ஏறாத ழகரம், பருத்தித்தூள் படிந்த அந்த இளைஞரின் நாவில் அப்பழுக்கில்லாமல் உருண்டது. அவர் அறிந்த தமிழ் வசைகளில் ஒன்றாக.

நான்காவது, உழவு விளையாட்டு. உழுதேன், விதைத்தேன், ஒரு விசையைத் தட்ட மழை வந்தது. என் குரலுக்காகக் காத்திருந்தேன். வரவேயில்லை.

"இதில் எங்கே ஒளித்திருக்கிறீர்கள்?"

"இதுல யாரும் தோக்கறதில்லீங்கய்யா," என்றார் பூங்கொடி. "அதனால உங்களுக்கு வேலை இல்லீங்க."

அவர் குத்திப் பேசவில்லை. அதனால்தான் தைத்தது.

ஐந்தாவது, மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளியின்றி அடுக்குவது. இது கைக்கு வந்தது. அரை மணி நேரத்தில் ஒரு நிலையை வென்றேன். அப்போது என் குரல் ஒலிக்கவில்லை. கணகணவென்று நீண்ட ஒரு மணியோசை. கூடத்தில் எல்லார் முகத்திலும் ஒரு மலர்ச்சி ஓடியதைக் கண்டேன்.

"அது கீழ கம்பெனி பெல்லப் பதிஞ்சு வெச்சதுங்க. சாயங்காலம் வேலை வுடற பெல்லு," என்றார் பூங்கொடி.

"வெற்றிக்கு மட்டும் என் குரல் ஏன் இல்லை?"

கேட்டிருக்கக் கூடாத கேள்வி. பூங்கொடி மூலையில் இருந்தவரைப் பார்த்தார். என் குரலை விளையாட்டுகளில் பொருத்தியவர் அவர்தான்: அந்தோணி, சாத்தான்குளத்துக்காரர், கீழே தையற்காரர். தயங்கித் தயங்கி எழுந்து வந்தார்.

"தேடினேன் அய்யா. மிசின்ல உக்காந்தா காதுல ஏதாவது ஓடணும். ஒன்றரை வருசமா நீங்கதான் ஓடுதிய. நெட்டுல கெடக்க ஒங்க பேச்சு பூராத்தையும் கேட்டுட்டேன்."

முழுவதும்! என் மனைவிகூட அப்படிக் கேட்டதில்லை. அவர் தம் கணினியில் வகை பிரித்து வைத்திருந்த அடுக்குகளைக் காட்டினார். 'தோல்வி' என்பதில் நாற்பத்தொரு துண்டுகள். 'பிந்தினால்' என்பதில் பதினெட்டு. 'தவறினால்' பன்னிரண்டு. மொத்தம் எழுபத்தொன்று. கடைசியில் 'வெற்றி' என்று ஓர் அடுக்கு. திறந்தார். ஒன்றும் இல்லை.

"வாழ்க என்று எத்தனை மேடைகளில் சொல்லியிருக்கிறேன்!"

"சொல்லிருக்கிய அய்யா. ஆனா அடுத்த மூச்சுலயே யாரையோ வையுதிய. ரெண்டும் ஒட்டிக்கிட்டு வருது, தனியா வெட்ட முடியல." பிறகு, எனக்கு உதவி செய்வதாக எண்ணி, "கடைசில நன்றி சொல்லுவிய, அத வெட்டிக்கிடலாம்னு பாத்தேன். அத வேற யாரோல்லா சொல்லுதாவ," என்றார்.

உண்மைதான். நன்றியுரைக்கு எப்போதும் வேறொருவர் இருப்பார். அவர் எழும்போது நான் வண்டியேறியிருப்பேன்.

"இப்போதே பதிவு செய்யுங்கள்," என்றேன். அழிக்க வந்தவன் அப்படிச் சொன்னது எனக்கே வியப்பாக இருந்தது. வென்றவனை வாழ்த்த ஒரே ஒரு சொல்லாவது என்னிடம் இருக்கிறது என்று அந்த இடத்தில் மெய்ப்பித்தாக வேண்டும் போலிருந்தது.

கீழே துணிக்கிடங்குக்கு அழைத்துப் போனார். பின்னிய துணிச்சுருள்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. எதிரொலி எழாது என்பதால் பதிவு செய்ய அதுதான் நல்ல இடமாம். ஒலிபெருக்கியும் எதிரொலியும் இல்லாமல் என் குரலை அன்றுதான் கேட்டேன். சின்னதாக இருந்தது. "வென்றாய்!" என்றேன். மீண்டும் சொன்னேன். பதினொரு முறை.

"அய்யா, தப்பா நெனைக்காதிய. யாரையாவது மனசுல வச்சிக்கிட்டுச் சொல்லுங்க. செயிச்சி நீங்க சந்தோசப்பட்ட ஒரு ஆளு."

துணிச்சுருள்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னோடு வழக்காடு மன்றத்தில் பேசி வென்ற ஓர் இளம்பெண்ணின் முகம் வந்தது; தீர்ப்புச் சொல்லும் முன்பே நான் செருப்பைத் தேடியதும் வந்தது. வேறு எவரும் வரவில்லை. பன்னிரண்டாம் முறை சொன்னேன். "நல்லாருக்கு அய்யா," என்று அந்தோணி பதிவை நிறுத்தினார்.

மாடியில் அதைப் பொருத்திக் காத்திருந்தோம். இரண்டு மணி இருபதுக்கு இராகேசு தீவில் கடைசி ஆளாக மிஞ்சினார். என் குரல் ஒலித்தது: "வென்றாய்!"

இராகேசு திடுக்கிட்டுக் கையை எடுத்தார். "க்யா ஹுவா? ஹார் கயா?" என்று சுற்றிலும் பார்த்தார். என்ன ஆச்சு, தோத்துட்டேனா என்கிறார் என்று எவரோ எனக்குத் தமிழில் சொன்னார்கள். கூடமே சிரித்தது. "சும்மா இருங்கப்பா, அய்யா நிக்கறாருல்ல," என்று அதட்டிய பூங்கொடியும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அதட்டினார்.

"அழியுங்கள்," என்றேன். "அதையும் சேர்த்து."

அந்தோணி தம் கணினி முன் அமர்ந்தார். எழுபத்து இரண்டு துண்டுகளையும் என் கண் முன்னால் அழித்தார். கையெழுத்துப் பெற்றுக்கொண்டேன். எதற்காக 120 கிலோமீட்டர் வந்தேனோ அது முழுமையாக நிறைவேறியது. மணி 2.40.

படியில் பாதி இறங்கியிருப்பேன். மேலே எவரோ தோற்றார். ஒரு நொடி ஒன்றும் கேட்கவில்லை. என் குரல் இருந்த இடம் அது. பிறகு இராகேசு சொன்னார்: "வீழ்ந்தாய்! வேரோடு வீழ்ந்தாய்!" மற்ற இருக்கைகளும் சேர்ந்துகொண்டன. என் ஏற்றம், என் இறக்கம், நான் மூச்சு வாங்கும் இடம், அத்தனையும் அப்படியே.

இனி, போக விரும்புவோருக்கு. ஞாயிறு காலை பத்துக்குள் போய்விடுங்கள். அதற்கு மேல் இருக்கை கிடைக்காது. கோவில்வழியில் தானிக்காரரிடம் ஏறும் முன்பே கட்டணத்தைப் பேசிவிடுங்கள். படிக்கும் கண்ணாடியை மறவாதீர்கள்; திரையில் எழுத்து மிகச் சிறியது. ஓட்டுநர் இருக்கையில் அரை மணிக்கு மேல் அமர்ந்தால் கழுத்து வலிக்கும். முதன்முறை ஆடுவோர் கட்டை அடுக்கும் விளையாட்டில் தொடங்குங்கள். மணியோசையைக் கேட்காமல் திரும்பாதீர்கள். என் குரலைத் தேடிப் போக வேண்டாம், அங்கே இல்லை. தோற்றுப் பாருங்கள், பக்கத்து இருக்கையில் இருப்பவர் என்னைவிட நன்றாகச் சொல்லுவார்.

அடுத்த கிழமை வடமதுரையில் ஒரு மாலைக் கூட்டம். முதன்முறையாக நன்றியுரை முடியும் வரை மேடையிலேயே இருந்தேன். கூட்டம் கலைந்தபின், கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்த ஒலிபெருக்கிக்காரரிடம் போய், "இன்று மிக நன்றாக அமைத்திருந்தீர்கள்," என்றேன்.

அவர் கையில் இருந்த கம்பியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார். "மன்னிச்சுக்கங்கய்யா," என்றார். "எந்த எடத்துல மைக்கு இரைஞ்சுச்சு?"