இராகலைப் பழைய ரயில் பாதையில் மஞ்சள் அம்புகள்

1. கந்தப்பளையிலிருந்து ஒரு கோல்

கராஜில் ஒரு பின்சில்லின் கோணலை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். கந்தப்பளையிலிருந்து டெலிபோன் கோல் வந்திருக்கிறது என்று மேலே ஒபிஸிலிருந்து கூப்பிட்டார்கள். கையைத் துடைத்துக்கொண்டு படியேறிப் போய் எடுத்தேன். பாக்கியம் பேசினார். மலைநாட்டில் எங்கள் சைக்கிள் பாதையோரத்தில் குடியிருந்த தோட்டத் தொழிலாளி மருதமுத்துவின் மனைவி.

"சார், எங்க வீட்டுக்காரர காலையில புடிச்சிக்கிட்டுப் போயிட்டாங்க. பொலிசும் ஆமியும் வந்தாங்க. அந்த மஞ்ச அம்புக்குறியக் காட்டி, யாருக்குடா வழி போட்டுக் குடுத்தன்னு கேட்டாங்க. சைக்கிளுக்குன்னு சொன்னாரு. நம்ப மாட்டேங்கிறாங்க."

"அடிச்சவையோ?"

"வாசல்ல வச்சே அடிச்சாங்க சார். கூட்டிட்டுப் போனதுக்கு அப்புறம் தெரியல."

அந்த அம்புகளைப் போட்டவன் நான். மருதமுத்து எனக்குப் பெயின்ட் டின்னைப் பிடித்துக்கொண்டு கூட நடந்தவர், அவ்வளவுதான்.

2. ஏறத் தெரியாத ரயில்

நான் வேலை செய்தது வெள்ளைக்காரர்களை மலைநாட்டுக்குச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போகும் ஒரு சிறிய கொம்பனி. கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரம் மேலே ஒபிஸ், கீழே கராஜ். மெக்கானிக்காகத்தான் சேர்ந்தேன். போகப் போக ரூட் பார்க்கிற வேலையும் என் தலையில் விழுந்தது.

யுத்தம் நடக்கிற நாட்டுக்குச் சைக்கிள் ஓட வருகிறவர்கள் குறைவு. வருகிறவர்களும் ஏற்றம் தாங்காமல் பாதி வழியில், பின்னால் வரும் எங்கள் வான் வண்டியில் ஏறிவிடுவார்கள். நுவரெலியாவிலிருந்து இராகலைக்குப் போகும் ரோட்டு ஏறியும் இறங்கியும் முழங்காலைத் தின்றுவிடும். அந்தப் பக்கம் முந்தி ஒரு சின்ன ரயில் ஓடியது. தண்டவாளத்தை எப்போதோ கழற்றிவிட்டார்கள், பாதை மட்டும் மிஞ்சியிருந்தது. ரயிலுக்குச் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் லைன் போட்டவர்கள் மலையைச் சுற்றிச் சுற்றி, மெல்லிய சாய்வில் கொண்டுபோயிருந்தார்கள். சைக்கிள்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் ஆளில்லாத பாதையில்லை அது. சில இடங்களில் தேயிலை, சில இடங்களில் லீக்ஸ் பாத்தி, சில இடங்களில் வீட்டு வாசல். மருதமுத்து தன் கரட் பாத்தியை ஒரு முழம் உள்ளே தள்ளி எங்களுக்கு வழி விட்டார். தோட்டத்து மனேஜரிடமும் கிராம சேவகரிடமும் அனுமதி வாங்கியிருந்தோம். பாதை பிரியும் இடங்களில் கல்லிலும் மதகிலும் மஞ்சள் எனாமலால் அம்பு போட்டேன். மழைக்குக் கழுவுப்படக் கூடாது என்று நல்ல பெயின்டாகப் பார்த்து வாங்கினேன்.

3. திங்கட்கிழமை வரைக்கும்

முதலாளி ரிஸ்வான் நானா கெட்ட மனிதரில்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"தியாகு, இப்ப நீங்க போகாதீங்க. கொழும்புல குண்டு வெடிச்ச கிழமை இது. திங்கக்கிழமை லோயரக் கூட்டிக்கிட்டுப் போவோம்."

"நானா, அந்த மனுசன் உள்ளுக்கை இருக்கிறார். திங்கள் மட்டும் பாத்துக்கொண்டு இருக்கேலாது."

"ஒங்கட ஐடென்டிட்டி கார்ட்ல பொறந்த எடம் யாழ்ப்பாணம் எண்டு ஈக்கிது. அத யோசிச்சீங்களா?"

யோசித்திருந்தேன். படியேறும்போதே அதைத்தான் யோசித்தேன். வெள்ளவத்தையில் வாடகை அறையில் இருக்கிறவனுக்கு அந்த யோசனை எந்நேரமும் உண்டு.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வான் டிரைவர் சோமே உள்ளே வந்தான். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த சிங்களப் பொடியன், எங்களைப் போலவே தமிழ் கதைப்பான்; என்னை மட்டும் சிங்களத்தில் 'அய்யே', அண்ணன், என்று கூப்பிடுவான்.

"நானும் போறன் நானா. அய்யே தனியப் போனா அவரையும் சேத்து உள்ள போட்டுருவாங்க."

ரிஸ்வான் நானா எழுந்து அலுமாரியைத் திறந்து எங்கள் விளம்பரப் புத்தகங்களில் ஒரு கட்டு எடுத்துத் தந்தார். அதன் அட்டையில், மஞ்சள் அம்புக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

"இதக் காட்டுங்க," என்றார். "போய்ச் சேந்த ஒடன கோல் எடுங்க."

4. வளைவைக் காட்டும் அம்பு

அவிசாவளை வழியாகப் போனோம். செக்பொயின்ட்டுக்குச் செக்பொயின்ட் இறங்கி ஏறியதில், கந்தப்பளைப் பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரும்போது பின்னேரம் ஆகிவிட்டது.

பொறுப்பதிகாரி சில நாட்களாகத் தூங்காத ஆள் மாதிரி இருந்தார். என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிங்களத்தில்தான் பேச்சு.

"யாழ்ப்பாணம். உனக்கு இந்த மலையில் என்ன வேலை?"

"சைக்கிள் வேலை, சேர். அம்பு போட்டது நான். நீங்கள் பிடித்து வைத்திருக்கிற ஆளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை."

"மேலே ஆமி டவர் இருக்கிறது. உன் அம்பு அதைக் காட்டுகிறது."

"டவரை இல்லை சேர், வளைவைக் காட்டுகிறது."

"வளைவுக்கு எதற்கு அம்பு? சைக்கிள்காரனுக்குக் கண் தெரியாதா?"

"அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. மேலே போனால் தேயிலை மலை. கீழேதான் பழைய லைன்."

சோமே விளம்பரப் புத்தகத்தை மேசையில் வைத்தான். அதிகாரி அட்டைப்படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு, "வந்து காட்டு," என்றார்.

ஜீப் போகிற இடம் வரை ஜீப்பில் போய், மற்றதை நடந்தோம். ஒவ்வொரு அம்பின் முன்னாலும் நின்று, இது எங்கே போகச் சொல்கிறது, ஏன் சொல்கிறது என்று விளக்கினேன். டவருக்குக் கீழே இருந்த அம்பின் முன்னால் அவர் தானே குனிந்து, அது காட்டும் திசையில் கையை நீட்டிப் பார்த்தார். கை கீழ்ப்பாதைக்குத்தான் போனது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எல்லாவற்றையும் அழி," என்றார். "அழித்து முடிந்ததும் அவனை விடுகிறேன்."

5. நல்ல பெயின்ட்

கந்தப்பளைக் கடையில் பெயின்ட் கரைக்கத் தின்னரும் தேய்க்கக் கம்பி பிரஷும் வாங்கினோம். நானும் சோமேயும் தேய்க்க, இரண்டு கொன்ஸ்டபிள்மார் பின்னால் குடை பிடித்துக்கொண்டு வந்தார்கள். தூறல் விடவில்லை. கல்லின் சொரசொரப்புக்குள் இறங்கிய எனாமல் லேசில் வராது. விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துவிட்டது. வழியில் தோட்டத்து லய வீடுகளின் ஆட்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். இருட்டியதும் நிறுத்திவிட்டு, விடிந்ததும் திரும்பத் தொடங்கினோம்.

"அய்யே, இவ்வளவு நல்ல பெயின்ட் எதுக்கு வாங்கின?" என்று சோமே ஒரு தடவை கேட்டான். இருவருக்கும் சிரிக்கத் தெம்பில்லை.

மத்தியானம் மருதமுத்துவை விட்டார்கள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். நான் இடது பக்கம் நின்று பேசியது அவருக்குக் கேட்கவில்லை. முகத்தைத் திருப்பி வலது காதைக் காட்டினார்.

"என்னாலைதானே அண்ணை இவ்வளவும்," என்றேன்.

"நீங்க என்னா சார் செஞ்சீங்க? வந்தீங்கள்ல, அது போதும்."

வீட்டில் கொண்டுபோய் இறக்கினோம். பாக்கியம் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி தந்தார். குடித்து முடிந்ததும் கோப்பையை வாங்கிக்கொண்டு சொன்னார்:

"நீங்க நல்லவருதான் சார். ஆனா இனிமே இந்தப் பக்கம் சைக்கிள் வேணாம். ஒரு கஷ்டம்னா நீங்க வானுல ஏறிக் கொழும்புக்குப் போயிருவீங்க. நாங்க எங்க போவோம்?"

6. அதற்குப் பிறகு

அந்த ரூட்டை நிறுத்துவோம் என்று நான் சொன்னபோது ரிஸ்வான் நானாவுக்கு மனம் வரவில்லை. "எங்கட ரூட்டுகள்லயே நல்லது அதுதானே தியாகு. அம்பு இல்லாம, நீங்க முன்னுக்குப் போனா என்ன?" என்று கேட்டார். நான் கூட்டிக்கொண்டு போக மாட்டேன் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. அடுத்த குழுவைக் கடற்கரைப் பக்கம் அனுப்பினோம். சமதரை, ஒரே வெயில். அவர்கள் முறைப்பாடு எழுதிவிட்டுப் போனார்கள். அதன் பிறகு வருகிறவர்களும் நின்றுபோக, கொம்பனியை மூடிவிட்டார்கள். ரிட்டயர் ஆகும்வரை மருதானையில் ஒரு வேர்க்‌ஷொப்பில் சில்லு நிமிர்த்தினேன். மருதமுத்துவின் இடது காது கடைசிவரை சரிவரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இப்போது இந்தச் சைக்கிள் சுற்றுலாத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் போனில் வரைபடத்தோடு வந்து, பழைய லைனில் எங்கே ஏறலாம், எங்கே இறங்கலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். சாய்வைச் சொல்கிறேன், மதகு உடைந்த இடத்தைச் சொல்கிறேன். மனேஜரிடம் வாங்கும் அனுமதிக் கடிதம் உங்களைத்தான் காப்பாற்றும், பாதையோரத்தில் இருப்பவர்களைக் காப்பாற்றாது என்றும் சொல்கிறேன். ஆகையால் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து கேளுங்கள். ஒரு வீட்டில் வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். வேறு மேட்டைப் பார்த்துக்கொண்டு போங்கள். மலைநாட்டில் மேட்டுக்குக் குறைவில்லை.